பதினான்கு வகை ‘ம்’

திரையில் என்ன தெரிகிறதோ அதை அப்படியே படித்துச் சொல்லும்மா என்கிறேன், கோவில்பட்டியில் செண்பகவல்லி படிக்கிறாள், “முழுசும் கறுப்பு அண்ணாச்சி, கீழ மட்டும் வெள்ளை எழுத்துல ஒரு வரி, பத்து, புள்ளி, எட்டு, புள்ளி, பூஜ்யம், புள்ளி, நாப்பத்தொண்ணு,” ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் நான் தட்டி முடிக்கிற அளவுக்கு இடம் விட்டு, அவசரமே இல்லாமல். பாளையங்கோட்டையில் என் மாடி அறையில் அந்த எண்களை இடுகிறேன், கடவுச்சொல்லை இடுகிறேன், அவளுடைய கணினியின் முகம் என் திரையில் திறக்கிறது, வெளிர் நீலத்தில், வருக என்று, மொழியைத் தேர்ந்தெடுக்கவும் என்று. அவள் முன்னால் இருக்கிற திரையில் இது எதுவும் தெரியாது. வேலை முடிகிறவரை அங்கே கறுப்பும் அந்த ஒரு வரியும்தான். எட்டு மாதமாக இதைச் செய்கிறேன், இன்னும் இந்த இடத்துக்கு வரும்போது எனக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்காருகிறது, அது என்னவென்று பார்க்காமல் இருக்கப் பழகிவிட்டேன். கம்பெனிப் பெட்டி அவள் வீட்டு மேசையில் இருக்கிறது, மின்சாரம் அவள் வீட்டு மின்சாரம், கூரியரில் வந்த பென் டிரைவைச் செருகியது அவள் விரல், பார்க்கிறவன் மட்டும் நான், நடுவில் அறுபது கிலோமீட்டர். எனக்கு இந்த வேலையைத் தருகிற பிரசாத் அனுப்புகிற பட்டியலில் இரண்டு நிறம். பச்சை வரி என்றால் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட வேண்டும், டி டிரைவில் கை வைக்கக் கூடாது, ஆள் நாளைக் காலை வழக்கம்போல வேலைக்கு உட்காருவார். மஞ்சள் வரி என்றால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போட வேண்டும், ஆள் உட்கார மாட்டார். மஞ்சளுக்கு மதியம் ஒரு மணிக்கு மின்னஞ்சல் போகும், உங்கள் சேவைக்கு நன்றி என்று ஆரம்பிக்கிற மின்னஞ்சல், அதற்குள் பெட்டி சுத்தமாகியிருக்க வேண்டும், கோபத்தில் எவரும் எதையும் எடுத்துக்கொண்டு போய்விடாமல். எல்லாரும் வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள், அங்கே போய்ச் செருக வேறு கை கிடையாது, அதனால் வெளியே அனுப்பப்படுகிற ஆளின் கையையே வாங்கிக்கொள்கிறோம், அவர் வாயாலேயே எண்ணைப் படிக்கச் சொல்கிறோம். பச்சைக்கும் மஞ்சளுக்கும் ஒரே வாசகம்: புது சிஸ்டம் போடுறோம், வேகமா இருக்கும். செண்பகவல்லி ஒன்பதாவது வரி. மஞ்சள். மணி பத்து ஐம்பது.

“அண்ணாச்சி, இருக்கீங்களா,” என்கிறாள். இருக்கேன்மா. ‘ம்மா’ என்பது என் வாயில் எப்போது இப்படிக் குழைய ஆரம்பித்தது என்று தெரியவில்லை, இந்த ஊரை விட்டு ஸ்டுட்கார்ட்டுக்குப் போனபோது என்னிடம் இந்தக் குழைவு இல்லை, அங்கேயும் அதை வாங்கிக்கொள்ள வழி இல்லை, திரும்பி வந்த பிறகு பிரசாத்தின் பட்டியலோடுதான் இது வந்தது. அவள் பத்தரைக்கே கேட்டுவிட்டாள், பென் டிரைவைச் செருகுவதற்கு முன்னால். “டி டிரைவுல இருக்கது அப்பிடியே இருக்கும்லா?” என்ன இருக்கும்மா அதுல, என்றேன், நேரம் போகட்டும் என்றுதான் கேட்டேன், பதில் வேண்டும் என்று கேட்கவில்லை. அவள் சொல்லத் தொடங்கினாள், ஊரில் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டுவிட்டவனிடம் சொல்வதுபோல. அவள் வேலை தொலைபேசிப் பேச்சைக் கேட்டு எழுத்தில் இறக்குவது. கேஸ் சிலிண்டர் வரவில்லை என்று கத்துகிறவர்கள், காப்பீட்டு மனு என்ன ஆச்சு என்று கெஞ்சுகிறவர்கள், அவர்களுக்குப் பதில் சொல்கிறவர்கள், எல்லாம் அவள் காதுக்கு வரும். சொல்லை மட்டும் எழுதினால் போதாது, சொல்லுக்கு நடுவில் இருப்பதையும் எழுத வேண்டும், மூச்சு வந்தால் மூச்சு, தயங்கினால் எத்தனை நொடி தயக்கம், சிரித்தால் எந்தச் சிரிப்பு. “வெறும் ‘ம்’முக்கே பதினாலு வகை பிரிச்சு வச்சிருக்கேன் அண்ணாச்சி. ஆமான்னு சொல்லுத ம் ஒண்ணு. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், ஆனா ஒத்துக்கிடலைன்னு சொல்லுத ம் ஒண்ணு. நீ பேசி முடி, பொறவு இருக்கு உனக்குன்னு ஒரு ம் உண்டு, அது எங்க மாமியா ம்.” சிரித்தாள். நானும் சிரித்தேன், என் சிரிப்பு எந்த வகை என்று அப்போது யோசிக்கவில்லை. டி டிரைவில் அவள் வைத்திருக்கிற அந்தச் சத்தப் பட்டியலில் இரண்டாயிரத்துச் சொச்சம் வரி. ஆறு வருடம். யாரும் கேட்டு எழுதியதில்லை, அவளாகவே, ஒவ்வொரு நாளும் வேலை முடிந்த பிறகு அன்றைக்குக் கேட்ட புதுச் சத்தத்தை எழுதி, எந்த ஊர்க்காரர், ஆணா பெண்ணா, அதற்கு அடுத்து என்ன சொன்னார் என்று பக்கத்தில் குறித்து. கம்பெனிப் பெட்டியிலிருந்து எதையும் வெளியே எடுக்க முடியாது, பென் டிரைவுக்கும் பூட்டு, மின்னஞ்சலுக்கும் பூட்டு. “அதான், திரையில ஓட விட்டு போன்ல போட்டோ எடுத்து வச்சிக்கிடவான்னு பாக்கேன். அரை மணி நேரத்துல முடிச்சிருவேன்.” அரை மணி நேரம். பத்தரையிலிருந்து பதினொன்று. பதினொன்றுக்கு ஆரம்பித்திருந்தால்கூட ஒரு மணிக்குள் முடித்திருக்கலாம், கொஞ்சம் இறுக்கமாக, ஆனால் முடித்திருக்கலாம், இதை இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கிறேன், அப்போது போடவில்லை, அப்போது என் வாய் தானாகத் திறந்தது. “தேவையே இல்லம்மா. டி டிரைவுல கையே வைக்க மாட்டோம். நீ பென் டிரைவைச் செருகு.” அவ்வளவு வழவழப்பாக வந்தது. அவள் செருகினாள்.

வட்டு எதுவென்று கேட்கிறது நிறுவி, லினக்ஸைப் போட்டுத் தருகிற நிரல். ஒரு நீளமான பட்டை, அதில் இரண்டு நிறத்தில் இரண்டு துண்டு, இடது பக்கம் விண்டோஸ், வலது பக்கம் அவளுடைய டி. வலது துண்டில் அம்புக்குறியைக் கொண்டு போய் வைக்கிறேன், அது லேசாக ஒளிர்கிறது, தொடப்பட்டதை உணர்கிற மாதிரி. ஒரு வழி இருக்கிறது. எனக்குத் தெரியும், நாற்பத்தெட்டு வயதில் எனக்கு உருப்படியாகத் தெரிந்த சிலவற்றில் இதுவும் ஒன்று. நிறுவி ஓடிக்கொண்டிருக்கும்போதே அவள் பக்கத்து விசைப்பலகையில் மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் இன்னொரு கறுப்புத் திரை வரும், அதில் ஆறு வரிக் கட்டளை, டியைத் திற, அந்தக் கோப்பை எடு, செருகியிருக்கிற பென் டிரைவிலேயே போடு. விண்டோஸ் ஓடாததால் விண்டோஸ் போட்ட பூட்டும் இல்லை. பத்து நிமிடம். ஆனால் இங்கிருந்து என்னால் செய்ய முடியாது, எனக்குக் கொடுத்திருப்பது இந்த நிறுவியின் படம் மட்டும், அந்தக் கறுப்புத் திரைக்கு என் விசைப்பலகை எட்டாது, அவள்தான் தட்ட வேண்டும், நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல வேண்டும், மூன்றாவது வரியில் கேட்பாள், எதுக்கு அண்ணாச்சி, டியிலதான் கை வைக்க மாட்டோம்னு சொன்னீங்களே. அந்தக் கேள்விக்குப் பதில் ஒன்றுதான். ஆக, கோப்பைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அவளிடம் சொல்லியாக வேண்டும், சொன்னால் பிரசாத்துக்குத் தெரியும், தெரிந்தால் அடுத்த பட்டியலில் மஞ்சளாகக்கூட நான் வர மாட்டேன், என் பெட்டி என்னுடையது, அழிக்க எதுவும் இல்லை, சும்மா அழைப்பு வராமல் போகும். “உங்க வயசுக்கு இது கௌரவமான வேலை சார், உட்கார்ந்த இடத்துல,” என்று போன மாதம் சொன்னான், சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான், நான் ஆமாம் என்று தலையாட்டுகிறேனா என்று. ஆட்டினேன். டியை அப்படியே விட்டுவிடலாமா, பச்சைக்கு விடுவதுபோல? விட்டால் என்ன பயன், நாளைக் காலை கூரியர்காரன் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவான், அவள் கையொப்பம் போட்டுக் கொடுப்பாள். நான் அழிக்கவில்லை, பட்டியல் அழிக்கிறது. பட்டியல் அழிக்கவில்லை, பட்டியலுக்கு விரல் இல்லை. இதையேதான் ஸ்டுட்கார்ட்டிலும் சுற்றிச் சுற்றி யோசித்தேன், வேறு நாற்காலியிலிருந்து. பதினாறு வருடம் வேலை பார்த்த இடம். ஒரு வியாழக்கிழமை என் மேலதிகாரி ஃப்ராவ் பிரென்னர் என் மேசைக்கு வந்து, உங்கள் இரண்டாவது மானிட்டரை மூன்றாம் மாடிக்குக் கொண்டு வந்து தர முடியுமா, தயவுசெய்து, என்று கேட்டாள், ஜெர்மன் மொழியில் கெஞ்சலும் கட்டளையும் ஒரே சட்டையைப் போட்டிருக்கும். மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போனேன். கதவைப் பிடித்துக்கொண்டாள், வயர் காலில் மாட்டப் போகிறது, பார்த்து, என்றாள். உள்ளே ஒரு நாற்காலி, மேசையில் ஒரு கிளாஸ் தண்ணீர், முன்கூட்டியே ஊற்றி வைத்தது. தண்ணீரைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது, வேலை போகிறது என்று. அவள் பேச ஆரம்பிக்கும் முன்னாலேயே குடித்தேன். குடித்துவிட்டு நன்றி என்றேன், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை, அவளை அல்ல, அந்த நன்றியை. அந்தக் குரலை இத்தனை வருடம் வெறுத்துவிட்டு இப்போது அது என் தொண்டையில் தமிழ் பேசுகிறது, ‘ம்மா’ போட்டு, தண்ணீர் ஊற்றி வைத்து. “அண்ணாச்சி?” “சொல்லும்மா.” “இல்ல, சத்தத்தையே காணுமேன்னு கேட்டேன்.” “வட்டு படிச்சுக்கிட்டிருக்கு, கொஞ்சம் மெதுவா இருக்கு.” வட்டு எப்போதோ படித்து முடித்துவிட்டது. எல்லாவற்றையும் நீக்கவும். நிச்சயமாகவா என்று கேட்கிறது. இந்த உலகத்தில் என்னிடம் அப்படிக் கேட்கிற ஒரே ஆள். ஆம்.

ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று மென்பொருள் தொகுப்புகள். அவள் வீட்டு பிராட்பேண்டில் ஒவ்வொன்றாக இறங்குகின்றன, பச்சைப் பட்டை ஒரு சதவீதம், மூன்று சதவீதம், இந்த வேலையின் சௌகரியம் இதுதான், முதல் நிமிடத்துக்குப் பிறகு செய்வதற்கு எதுவும் இல்லை, மாற்றுவதற்கும் எதுவும் இல்லை, கை காலியாகிவிடுகிறது, மனதும் ஏறக்குறைய. அந்தப் பக்கம் குக்கர் கத்துகிறது. “எத்தன விசிலு ஆச்சு?” என்று யாரோ உள்ளிருந்து கேட்க, “நாலு அத்த, அஞ்சு வந்தா அமத்திருங்க,” என்கிறாள், நான் ஒரு விசிலைக் கேட்கவே இல்லை, மூன்று என்று நினைத்தேன். காது. அவளுக்குக் காதுதான் எல்லாம். “சாப்பிட்டீங்களா அண்ணாச்சி?” இன்னும் இல்லம்மா. “யாரு சமையலு, வீட்டுலயா?” நானேதான். ஒரு ‘ம்’ சொன்னாள், அது எந்த வகை என்று எனக்குத் தெரியாது, அவள் பட்டியலில் இருந்திருக்கும், பதினோரு மணி வரை இருந்தது. இருபத்திரண்டு சதவீதம். இப்போது நிறுவி பயனர் பெயரைக் கேட்கிறது. பட்டியலில் ஒன்பதாவது வரியின் கடைசிக் கட்டத்தில் பிரசாத் எழுதியிருக்கிறான், அடுத்த பயனர்: நிவேதா, மதுரை. பெட்டி நாளை மறுநாள் அங்கே போகும். “அண்ணாச்சி, நிவேதாவுக்கும் நீங்கதான் போட்டு விடுவீங்களா?” என்று செண்பகவல்லி கேட்கிறாள், அந்தக் கணத்திலேயே, என் விரல் விசைப்பலகையில் இருக்கும்போதே, விரலை எடுத்துவிடுகிறேன். எந்த நிவேதாம்மா. “மதுரைப் புள்ள. புதுசா சேந்திருக்கு. ரெண்டு மாசமா நான்தான் பழக்கி விட்டுக்கிட்டிருக்கேன், தெனம் ஒரு மணி நேரம். அக்கா அக்கான்னு உசுர விடும். நல்ல காது அதுக்கு. அவசரம்தான் கொஞ்சம், மூச்ச எழுத மறந்துரும். மனுசன் மூச்சு விடாம பேச மாட்டாண்டி, தேடுன்னு சொல்லியிருக்கேன்.” அவ பட்டியல்ல இருக்காளான்னு பாக்கணும்மா, என்கிறேன், பட்டியலில் அவள் பெயரைப் பார்த்தபடி. தட்டுகிறேன். பிரசாத் எழுதியிருக்கிறபடி, ‘எச்’ இல்லாமல், ஆங்கிலத்தில் ஆறு எழுத்து. மெதுவாகத் தட்டினால் சத்தம் வராது என்று நினைத்து மெதுவாகத் தட்டுகிறேன், மெதுவாகத் தட்டியதால் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கிறது. “என்னமோ தட்டுதீங்க.” “உன் பேருல கணக்கு உண்டாக்குறேன்மா.” “ஆறு தட்டுத்தான கேட்டுச்சு. பொறவு பெரிய பட்டன். என் பேரு அம்புட்டுச் சின்னதா?” கேலியாகத்தான் கேட்கிறாள், கேலியாகத்தான் இருக்க வேண்டும். எனக்குள் எழுத்துகள் அவிழ்ந்து ஓடுகின்றன, அவள் பெயரை எப்படி வெட்டினால் ஆறு வரும், செ, செண், விரல்விட்டு எண்ணுகிறேன், பள்ளிக்கூடத்தில் ஒரு கையில் தமிழும் மறு கையில் இங்கிலீஷும் கொடுத்து வளர்த்தார்கள், இரண்டு மொழியிலும் எண்ணுகிறேன். “செண்பான்னு போட்டிருக்கேன். ஷார்ட்டா.” ஆறு. சரியாக ஆறு வருகிறது. இந்த அதிர்ஷ்டத்தில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் வருகிறது, அதை மறைக்க முடியாது, பொய் தன் அளவுக்குச் சட்டை கிடைத்தால் வருகிற சந்தோஷம். அவள் “ம்” என்கிறாள்.

பட்டை ஏறுகிறது. நாற்பது, ஐம்பத்தெட்டு, எழுபத்தொன்று. எழுபத்தொன்றில் கொஞ்ச நேரம் நிற்கிறது, எப்போதும் அங்கேதான் நிற்கும், எழுத்துருக்கள் இறங்குகிற இடம், உலகத்து மொழிகளின் எழுத்தெல்லாம் இறங்கும், இவளுக்குத் தேவையில்லாத எத்தனையோ எழுத்து. வைத்துவிடட்டுமா, முடிந்ததும் கூப்பிடுகிறேன் என்று சொல்லலாம், ஆனால் சொல்லக் கூடாது, இணைப்பை விடக் கூடாது, இடையில் அவள் வேறு யாரிடமாவது பேசி எதையாவது தெரிந்துகொண்டு வயரைப் பிடுங்கிவிட்டால். போன மாதம் விளாத்திகுளத்தில் ஒருவர் பிடுங்கினார். அதனால் இருவரும் காதில் போனோடு ஒருவர் வீட்டுச் சத்தத்தை மற்றவர் கேட்டுக்கொண்டு இருக்கிறோம். அவள் வீட்டில் மிக்ஸி, பிறகு மிக்ஸி நிற்கிறது, பிறகு பாத்திரம். என் வீட்டில் எதுவும் இல்லை, அதையும் கேட்டுக்கொண்டிருப்பாள். சொல்லிவிடலாம், இப்போது, இனி எதையும் காப்பாற்ற முடியாது என்பதால் இப்போது சொல்வது சுலபம், ஒரு மணிக்கு வருகிற மின்னஞ்சலை அவள் மாமியார் முன்னால் தனியாகத் திறக்க வேண்டியிருக்காது, சொல்கிறவன் ஒரு மனிதனாக இருப்பான். யாருக்காக இருப்பான், எனக்காக. வேண்டாம். ஃப்ராவ் பிரென்னரும் இப்படித்தான் யோசித்திருப்பாளா, படிக்கட்டில் என் பின்னால் வரும்போது, அந்த முப்பத்தாறு படியில்? நூறு. முடிந்தது என்கிறது திரை, வலது கீழ் மூலையில் ஒரு பொத்தான், மறுதொடக்கம். மஞ்சள் வரிக்கு அதை அமுக்கக் கூடாது. பட்டியலின் தலைப்பிலேயே தடித்த எழுத்தில் இருக்கிறது, மறுதொடக்கம் செய்யாதே, பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து நிறுத்தச் சொல், ஏனென்றால் மறுதொடக்கம் செய்தால் கறுப்பு போய்விடும், படம் அவள் திரைக்கு வந்துவிடும். எட்டு மாதத்தில் ஒருமுறைகூட நான் தவறியதில்லை. பச்சைக்கு அமுக்கி அமுக்கிப் பழகிய விரல், அவ்வளவுதான், நேற்று ஐந்து பச்சை, அதற்கு முந்தின நாள் ஏழு. விரல் தானாகப் போனது. தானாகத்தான் போனதா என்று அதற்குள் கேட்க ஆரம்பித்துவிட்டேன், கேட்டு முடிப்பதற்குள் என் திரையில் அவள் கணினியின் முகம் மறைந்து, இணைப்பு முடிந்தது என்று ஒரு சாம்பல் பெட்டி. இப்போது பார்க்கிறவள் அவள். குருடன் நான். பவர் பட்டனை அமுக்கும்மா, அமுக்கிப் பிடி, என்று சொல்ல வாயைத் திறக்கிறேன்.

“அண்ணாச்சி, கறுப்பு போயிருச்சு. படம் வந்திருக்கு. படிக்கவா?” காலையிலிருந்து நான் கேட்டுக்கொண்டே இருந்ததைத்தான் கேட்கிறாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. “நடுவுல ஒரு வட்டம். வட்டத்துக்குக் கீழ ஒரு பேரு. நிவேதா.” எண்களைப் படித்த அதே நிதானம், நான் எழுதிக்கொள்ள அதே இடம் விட்டு. “தெரியும் அண்ணாச்சி,” என்கிறாள். “புது சிஸ்டம் போடுறோம்னீங்கள்ளா, அதுக்கு முன்னாடி ஒரு மூச்சு. வேகமா இருக்கும்னீங்க, அதுக்கு முன்னாடி ஒண்ணு. செண்பான்னு சொல்லுததுக்கு நாலு செகண்டு. மொத மூச்சுலயே தெரிஞ்சிருச்சு, வேலை போகுதுன்னு. ஆறு வருசமா இதத்தான கேட்டுக்கிட்டிருக்கேன். போகட்டும், வேற பாத்துக்கிடலாம்னுதான் டி டிரைவக் கேட்டேன். வெள்ளிக்கெழம மெட்ராஸ்ல ஒரு எடத்துல கூப்பிட்டிருக்காக, பட்டியலக் கொண்டாங்கன்னு. அத வச்சுத்தான் வேலையே.” குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், நான் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும். உள்ளே இருந்து மாமியார் எதையோ கேட்கிறார், “வாரேன் அத்த,” என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறாள். “டி டிரைவுல கையே வைக்க மாட்டோம்னு சொன்னீங்கள்ளா. அதுல மட்டும் மூச்சே இல்ல. ஒரு தயக்கம் இல்ல. சுத்தமா இருந்துச்சு. காலையிலேர்ந்து நீங்க சொன்னதுல அது ஒண்ணுதான் நெசம்னு நெனச்சேன். அதான் போட்டோ எடுக்கல.” ஏதோ ஒன்றை நகர்த்துகிற சத்தம், நாற்காலியாக இருக்கலாம், பிறகு காகிதம், பேனா மூடியைத் திறக்கிற சத்தம், அதை நான் கேட்டேன், இந்த ஒன்றை நானே கேட்டுவிட்டேன். “அத எப்பிடி அண்ணாச்சி சொன்னீங்க? கோவத்துல கேக்கல. இதுவரைக்கும் நான் கேட்டதே இல்ல அப்பிடி ஒண்ணு. மறுபடி மொதல்லேர்ந்து எழுதணும், மொத வரியா அத எழுதிக்கிடுதேன். சொல்லுங்க.” என் போனில் நிமிடமும் நொடியும் ஓடிக்கொண்டிருக்கிறது, இரண்டு மணி நேரம் ஆறு நிமிடம், ஏழு நொடி, எட்டு. நெஞ்சுக்குள் காற்று முட்டிக்கொண்டு நிற்கிறது, வெளியே விட்டால் அவளுக்குக் கேட்கும், கேட்டால் எழுதுவாள், எத்தனை நொடி என்று பக்கத்தில் குறிப்பாள். விடாமல் உட்கார்ந்திருக்கிறேன். பத்தொன்பது, இருபது. அவள் இன்னும் வைக்கவில்லை.